வடக்கிலிருந்து ஒன்றாவது ப்ளக்

பாலக்கோடு
14ஆம் தேதி, ஞாயிறு, பிற்பகல் 1.15

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சென்றாயன் அவர்களுக்கு,

பாலக்கோட்டிலிருந்து அர்ச்சுனன் பணிவுடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். கம்பைநல்லூரில் தாங்களும், சம்பந்தியம்மா ரோசம்மாள் அவர்களும், ஓசூரிலிருந்து வந்திருந்தால் மாப்பிள்ளை அன்புவும், கறவை மாடுகள் இரண்டும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மனிதர்கள் சுகம் என்று மட்டும் எழுதி நிறுத்தியதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். தங்கள் கார் சுகமாக இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நேற்றிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். தாங்கள் "சொல்லுங்க சம்மந்தி!" என்று எடுத்ததும் சொல்ல வந்தது எங்கோ போய்விடுகிறது. மூன்று முறையும் "அங்க மழை உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது முறை தாங்கள், "என்னாங்க சம்மந்தி, மழை வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றங்க" என்றீர்கள். ஆகவே எழுதுகிறேன். நீளமாகப் போகும் என்று அஞ்சுவதால் முதலில் குறிப்புகளை வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தங்கள் கார் இப்போது எங்கே, எந்த நிலையில் நிற்கிறது.
2. ஒன்றும் செய்யாதீர்கள் என்று தாங்கள் சொல்லியும் நான் ஏன் செய்தேன்.
3. ப்ளக் வாங்கிய விவரம்.
4. ப்ளக் இடைவெளி. (எல்லாத் தவறும் இங்கேதான் நடந்தது.)
5. தாங்கள் இப்போது செய்ய வேண்டிய உதவி.
6. இதில் தேவிப்பிரியாவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதல் குறிப்பு சுலபமானது. கார் எங்கள் வாசலில் நிற்கிறது. இன்று காலையும் துடைத்தேன். கீறல் இல்லை, கோடு இல்லை, நான்கு சக்கரத்திலும் காற்று இருக்கிறது. ஓடவில்லை என்பதைத் தவிர அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன். தேவிப்பிரியாவின் பிரசவத்துக்காகத் தாங்களே காரை ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டைப் பார்த்தபடி நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்து, "சம்மந்தி, இருவது வருசமா இந்த வண்டி நடு வழியில நின்னதில்ல. என் பேரப்புள்ள இதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போவணும், இதுலயேதான் வூட்டுக்கு வரணும். தினம் காலைல ஸ்டார்ட் பண்ணி நின்ன எடத்துலயே அஞ்சு நிமிசம் ஓட விடுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொன்னீர்கள். கடைசி வாக்கியத்தை என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். என் முகத்தில் அப்படி என்ன தெரிந்ததோ, அறியேன். பதினாறு நாள் சொன்னது சொன்னபடி செய்தேன். காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட், ஆறு ஐந்துக்கு நிறுத்தம். ஒரு நாளும் நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. நோட்டில் பதிந்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் பார்வையிடலாம். பதினேழாம் நாள், அதாவது போன வியாழக்கிழமை, எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் நடுவே ஒரு தட்டு காணாமல் போனது. திரும்ப வந்தது. மறுபடி காணவில்லை. கையில் கடிகாரத்தோடு நின்று எண்ணினேன். ஐந்து நிமிடத்தில் பதினொன்று. வெள்ளிக்கிழமை எண்ணினேன். பத்தொன்பது. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வரைவாளராக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. கட்டம் போட்ட தாளில் இரண்டு புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். டாக்டரம்மா குறித்திருக்கும் 24ஆம் தேதியில் அந்தக் கோடு நூற்றுப் பதினைந்தில் போய் நின்றது. தேவிப்பிரியா வலியோடு பின் இருக்கையில் இருக்க, கார் நூற்றுப் பதினைந்து முறை மூச்சு விட மறந்து தருமபுரி ரோட்டில் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. என் மனைவி சுகுணா தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டே ரெண்டு புள்ளிய வெச்சுக் கோடு போட்டா அது எங்க வேணாலும் போவுங்க" என்றாள். அவள் அளவைத் துறையில் இருந்தவள் அல்ல என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தக்காளி மார்க்கெட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கலைமணியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு தக்காளி வேனுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்த இரண்டு கால்களிடம்தான் முழு விவரத்தையும் சொன்னேன். கால்கள் கேட்டுக்கொண்டன. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ப்ளக்கு கரி புடிச்சிருக்கும் சார். நின்ன எடத்துலயே தினம் அஞ்சு நிமிசம் ஓட்டுனா இன்ஜின் சூடே ஏறாது. சூடு ஏறலன்னா கரி எப்படி எரியும்? யார் சார் உங்கள இப்படி ஓட்டச் சொன்னது?"

தங்கள் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

"தொப்பூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க சார். எல்லாக் கரியும் எரிஞ்சு வண்டி கும்முனு ஆயிடும்" என்றார். வாசலை விட்டுக் கார் நகரக் கூடாது என்பது தங்கள் உத்தரவு. அதுவும் தொப்பூர் இறக்கத்தில், அத்தனை லாரிகளுக்கு நடுவே. அதே நேரத்தில் வீட்டில் வலி எடுத்தால்? "வேறு வழி இல்லைங்களா?" என்று கேட்டேன். "அப்ப நாலு ப்ளக்கு புதுசு வாங்கி நீங்களே மாத்திக்குங்க. ஸ்கூட்டருக்கு மாத்துற மாதிரிதான். கேப்பு எட்டு வைங்க" என்றார். என் ஸ்கூட்டரில் எத்தனையோ முறை நானே மாற்றியிருக்கிறேன். அந்தத் துணிச்சல்தான் எனக்கு எமனாக வந்தது.

(பொறுத்தருள்க. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கார் அங்கேயே இருக்கிறது. தேவிப்பிரியா வாசலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கிறாள். காலையிலிருந்து இடுப்பு கடுக்கிறதாம். பத்து நாள் இருக்கிறது, ஒன்றும் இராது.)

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கினேன். ப்ளக் என்பது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் சிறு திரி என்று தாங்கள் அறிவீர்கள், தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ப்ளக், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தடித்த வயர். எந்த வயர் எந்த ப்ளக்குக்கு உரியது என்பது மாறக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆகவே நான்கு வயரிலும் 1, 2, 3, 4 என்று காகிதச் சீட்டு ஒட்டினேன். நோட்டில் படம் வரைந்தேன். கார் கிழக்கே வீட்டைப் பார்த்து நின்றதால் ப்ளக்குகள் வடக்கு தெற்காக வரிசையில் இருந்தன. எங்கள் துறையில் வடக்கு குறிக்காத படத்தை மேலதிகாரி வாங்கவே மாட்டார், முகத்தில் எறிவார். நான் அம்புக்குறி போட்டு, "வடக்கிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் போட்டேன். கழற்றிய குழிகளில் தூசி விழாமல் சுத்தமான துணி செருகினேன். இவ்வளவும் சொல்வது, வயர் விஷயத்தில் என் பக்கம் தவறு எதுவும் இல்லை என்பதற்காக.

சனிக்கிழமை காலை பழைய ப்ளக் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கோகிலவாணி அம்மாவின் உதிரிபாகக் கடைக்குப் போனேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல என்னா நம்பர் இருக்குதோ அதே நம்பர் வாங்கிட்டுப் போங்க சார், வேலை முடிஞ்சுது" என்றார். அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால், பழைய ப்ளக்கே தவறான ப்ளக்காக இருந்தால்? யாரோ ஒருவர் எப்போதோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருந்தால்? (தங்களைச் சொல்லவில்லை.) விலைப்பட்டியல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சூட்டைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும் ப்ளக் என்றும், சீக்கிரம் குளிரும் ப்ளக் என்றும் இரு வகை இருக்கிறது. எந்த வகை என்பதை எண் சொல்கிறது. ஆனால் ஒரு கம்பெனியில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி, இன்னொரு கம்பெனியில் எண் ஏற ஏறச் சூடு! நாடு முழுவதையும் ஒரே நீளச் சங்கிலியால் அளந்த துறையில் இருந்தவனுக்கு இதை எப்படிச் செரிக்க முடியும்? ஒரு மணி இருபது நிமிடம் அங்கேயே இருந்தேன். கோகிலவாணி அம்மா வேறொரு வாடிக்கையாளரிடம், "சார் ப்ளக்கு வாங்க வரலைங்க, பொண்ணு பாக்க வந்திருக்காரு. இன்னும் ஜாதகம்தான் கேக்கல" என்றார். விலை கூடிய இரிடியம் ப்ளக் ஒன்றைக் காட்டி, "இதப் போட்டா லட்சம் கிலோமீட்டருக்குத் திரும்பியே பாக்க வேணாம்" என்றார். "எனக்குத் தருமபுரி வரைதாங்க போகணும்" என்றேன். கடைசியில் பழைய ப்ளக்கில் இருந்த அதே நம்பரை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

எழுந்தவன் சும்மா வந்திருக்கலாம். "கேப்பு எட்டுதானுங்களே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னது?"

"கலைமணி."

"அவனா? ஆக்சா பிளேடு உள்ள போய் வந்தா சரிம்பான். பதினொண்ணு வைங்க சார்."

மறுபடி தக்காளி மார்க்கெட். கால்கள் வேறு வேனுக்கு மாறியிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மா ப்ளக்கு விக்கும் சார், வண்டி ஓட்டாது. எட்டு."

நான்காவது குறிப்பு இங்கே தொடங்குகிறது. ப்ளக்கின் நுனியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. நடுவில் ஒன்று, அதன்மேல் கொக்கி மாதிரி வளைந்த இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் பொறி பாய்கிறது. கலைமணி சொன்ன எட்டு என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் எட்டுப் பங்கு. கோகிலவாணி அம்மா சொன்ன பதினொன்று, ஒரு மில்லிமீட்டரும் பத்தில் ஒரு பங்கும். இடைவெளி குறைந்தால் பொறி பலவீனம், கூடினால் பொறி தாண்டவே தாண்டாது என்கிறார்கள். காருக்கு உரிய சரியான அளவு பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் என்று கோகிலவாணி அம்மாவே சொன்னார். வந்து தூக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனால் இருபது ஆயுத பூஜைக்கும் தாங்கள் அதன்மேல்தான் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறீர்கள். காய்ந்த சந்தனத்தின்மேல் சந்தனம், அதன்மேல் சந்தனம், சுவர்ப் பூச்சு மாதிரி ஒரு விரல் கனம். சுகுணா ஈரத்துணியோடு வந்து, "தொடைச்சுப் பாத்துரலாங்களா?" என்றாள். சம்பந்தி வீட்டுச் சாமி காரியத்தில் கை வைப்பதா? நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் என்ன பேச்சு வரும்? துணியைப் பிடுங்கி உள்ளே போட்டேன்.

இரண்டு பேர் அளந்து இரண்டு அளவு வந்தால் கூட்டிப் பாதி எடு என்பது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதம் சொல்லிக்கொடுத்தது. வாய்க்கால் தகராறிலிருந்து வரப்புத் தகராறு வரை அப்படித்தான் தீர்த்திருக்கிறேன். எட்டும் பதினொன்றும் பத்தொன்பது, பாதி ஒன்பதரை. ஆகவே 0.95 என்று முடிவு செய்தேன். ஃபீலர் கேஜ் என்று ஒரு கருவி, மெல்லிய தகடுகளை விசிறி மாதிரி அடுக்கியிருப்பார்கள். அதில் 50, 45 இரண்டு தகடையும் சேர்த்து நுழைத்து, வெளிக் கொக்கியை மட்டும் லேசாகத் தட்டித் தட்டி, நான்கிலும் 0.95 கொண்டுவந்தேன். ஒன்று கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. உள்ளே பீங்கான் விண்டிருக்குமோ என்று சந்தேகம். போய் ஐந்தாவதாக ஒன்று வாங்கினேன். "என்னா சார், ரெண்டாவது பொண்ணா?" என்று கோகிலவாணி அம்மா கேட்டார்.

நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பக்கத்துத் தோட்டத்துச் சந்திரன் தக்காளிக் கூடைகளோடு டிராக்டரை வெளியே எடுக்க வழியில்லாமல், இரண்டு ஆட்களை வைத்துக் காரை ரோட்டுக்குத் தள்ளி, டிராக்டர் போனபின் திரும்ப உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தார். தாங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வலி வந்ததும் ஓட்டிக்கொண்டு போக அவரைத்தான் ஏற்பாடு செய்திருக்கிறேன். "மூஞ்சி ரோட்டப் பாத்து நிக்கட்டுங்க. அவசரத்துல ரிவர்ஸ் எடுத்துக்கினு இருக்க முடியாது" என்றார். நல்ல யோசனை என்று நன்றி சொன்னேன். நான் ப்ளக் மாற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "லாரில இந்தப் பஞ்சாயத்தே இல்லைங்க. டீசலுக்கு ப்ளக்கே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது ப்ளக்கைக் கையால் முடியும்வரை திருகி, அதற்குமேல் ஸ்பேனரால் அரைச் சுற்று என்று பெட்டியில் எழுதியிருந்தது. அரைச் சுற்று என்றால் நூற்று எண்பது பாகை. கோணமானி வைத்து அளந்தே திருகினேன். நோட்டில் இருந்த படத்தைப் பார்த்து, வடக்கிலிருந்து ஒன்றாவது ப்ளக்குக்கு ஒன்றாவது வயர், இரண்டாவதற்கு இரண்டாவது என்று பிசகாமல் மாட்டினேன். முதல் வயர் கொஞ்சம் எட்டவில்லை. ஒரே நாள் வெயிலில் ரப்பர் சுருங்கிவிட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டு இழுத்து மாட்டினேன்.

சாவியைத் திருகினேன். ஐயா, வெடித்தது. சைலன்சரில் வெடி. ஊர்த் திருவிழாவில் வைக்கும் அதிர்வேட்டு மாதிரி ஒரே ஒரு சத்தம், பிறகு புகை, பிறகு அமைதி. சந்திரன் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, "டயருங்களா?" என்றார். சுகுணா தேவிப்பிரியாவைப் பிடித்துக்கொண்டு, "நெறைமாசப் பொண்ண வூட்டுல வெச்சுக்கினு என்னாங்க இது கூத்து?" என்று சத்தம் போட்டாள். தேவிப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, உள்ள இருக்கறது ஒரு ஒதை வுட்டுது பாருங்க" என்றாள்.

என் சராசரி தப்பு என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துபோயிற்று. நான்கையும் கழற்றி எட்டு வைத்தேன். கோணமானி, நூற்று எண்பது பாகை, வடக்கிலிருந்து ஒன்று. வெடி. மறுபடி கழற்றிப் பதினொன்று வைத்தேன். வெடி. இன்று காலை, யோசித்து யோசித்துத் தூக்கமே இல்லாமல், பழையபடி ஒன்பதரைக்கே கொண்டுவந்தேன். இது எல்லாவற்றையும்விடப் பெரிய வெடி. பானெட் குலுங்கித் தங்கள் சந்தனம் ஒரு பாளம் பெயர்ந்து எஞ்சின்மேல் விழுந்தது. தெய்வ குற்றம் என்று நடுங்கி, தூள் மிச்சமில்லாமல் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். பெயர்ந்த இடத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பானெட்டை மெதுவாக மூடிவிட்டேன். கலைமணிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை.

(மணி 2.40. மறுபடி வெளியே போய் வந்தேன். கார் இருக்கிறது. தேவிப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "வாயுப் பிடிப்புப்பா" என்றாள்.)

ஆறாவது குறிப்பை ஐந்தாவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நேற்று முதல் வெடி முடிந்ததிலிருந்து அவள், "அப்பா, அந்த நோட்டக் குடுங்க, நான் ஒரு தரம் பாக்கறன்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் கொடுக்கவில்லை. அவள் படித்தது வணிகவியல். காரில் அவளுக்குத் தெரிந்தது ஹாரன் மட்டும். அதுவுமில்லாமல், நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது, உங்கப்பா வண்டியைக் கெடுத்தபோது நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்டால், நான் அதைத் தொடவே இல்லை என்று அவள் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். அவள் தங்கள் வீட்டில் வாழ வேண்டிய பெண். என் புத்தி கெட்டதனத்துக்கு அவள் வாயடைத்து நிற்கக் கூடாது. சம்பந்தி, இந்த ஒன்றுதான் எனக்கு உள்ளே கிடந்து அரிக்கிறது. வண்டி போனால் ரிப்பேர் பண்ணிக்கலாம். "உங்கூட்டு வண்டிதான் கடைசி நேரத்துல கால வாரிடுச்சே" என்று நாங்களோ, "உங்கப்பன் கை பட்டுதான் கெட்டுது" என்று நீங்களோ, நாலு வார்த்தை ஒரு தரம் வெளியே வந்துட்டா அது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சரியாவாதுங்க.

ஐந்தாவது, தங்கள் உதவி. இக்கடிதம் நாளைத் தபாலில் சேர்த்தால் செவ்வாய் கிடைக்கும். புதன்கிழமைக்குள் தாங்கள் நம்பும் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு வேறு ஒரு வண்டியில் வந்து, அந்த வண்டியை இங்கே விட்டுவிட்டு, இதைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடவும். 108க்கு போன் பண்ணினால் வந்துவிடுமே என்று சுகுணா சொல்கிறாள். நம்பர் எனக்குத் தெரியாதா? சுவரில் மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் தங்கள் பேரப்பிள்ளை தங்கள் வண்டியில்தான் போக வேண்டும் என்று தாங்கள் ஆசைப்பட்டதை நான் மறக்க முடியுமா? சம்பந்தியம்மாவிடம் விஷயத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகச் சொல்லவும். மாப்பிள்ளையிடம் தாங்கள் சொல்வதா, நான் சொல்வதா என்பதைத் தாங்களே முடிவு செய்யவும். தாங்கள் முடிவு செய்தால் நல்லது.

தங்கள் குடும்பம் தழைக்க வேண்டும், தங்கள் தென்னையும் மாடுகளும் பெருக வேண்டும், என்மேல் வைத்த மதிப்பு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அது அவ்வளவாவது நிலைக்க வேண்டும் என்று வேண்டி, வயதில் இளையவர்களுக்கு ஆசியும் சம்பந்தியம்மாவுக்கு வணக்கமும் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
அர்ச்சுனன்

பி.கு. தருமபுரி, ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி வராந்தா, மாலை 6.50.

மேலே உள்ளது எல்லாம் பழைய செய்தி. தங்களுக்குச் சுகுணா போன் செய்துவிட்டாள், தாங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கடிதத்தைத் தங்கள் கையில் நேரில் கொடுக்கப் போகிறேன். வாயைத் திறந்தால் நான் மழையைப் பற்றித்தான் கேட்பேன்.

நான் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது வாசலில் சுகுணா கத்தினாள். வாயுப் பிடிப்பு இல்லை. தேவிப்பிரியாவுக்கு ராத்திரியிலிருந்தே வலி இருந்திருக்கிறது, நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். நான் கடிகாரத்தோடு போய் நின்றேன். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடைவெளி ஒன்பது நிமிடம். அடுத்தது எட்டு. "சராசரி எடுத்துக்கினு நிக்காதீங்க, 108க்கு அடிங்க!" என்றாள் சுகுணா. சந்திரன் ஓடிவந்தார். நான் 108க்குச் சொன்னேன். வண்டி மாரண்டஅள்ளிப் பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். தேவிப்பிரியா கார்மேல் சாய்ந்து நின்றுகொண்டு, "இப்பவாவது அந்த நோட்டக் குடுங்கப்பா" என்றாள். கொடுத்தேன். சுகுணா அதை விரித்துப் பிடித்தாள். தேவிப்பிரியா படத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"அப்பா, இத வரஞ்சப்ப வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வீட்டைப் பார்த்து."

"இப்ப?"

ரோட்டைப் பார்த்து நின்றது, சம்பந்தி. வடக்கு அங்கேயேதான் இருந்தது. கார் திரும்பிவிட்டது. வடக்கிலிருந்து ஒன்றாவது ப்ளக், வெள்ளிக்கிழமை நான்காவதாக இருந்த ப்ளக். நான்கு வயரும் தலைகீழ். வயர் சுருங்கவில்லை, நான்தான் இந்தக் கோடியில் இருந்ததை அந்தக் கோடிக்கு இழுத்தேன். முப்பத்து நான்கு ஆண்டு அளந்தது எல்லாம் நகராத நிலம். தேவிப்பிரியா பானெட்டைத் தூக்கச் சொல்லி, வயிறு பம்பரில் இடிக்க எட்டி, இரண்டு வலிக்கு நடுவில் நான்கு வயரையும் பிடுங்கி மாற்றி மாட்டினாள். மூன்றாவதை மாட்டும்போது அடுத்த வலி வந்தது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டுத்தான் நான்காவதைத் தொட்டாள். சந்திரன் சாவியைத் திருகினார். கார் ஒரு சத்தமும் இல்லாமல், இத்தனை நாளும் ஒன்றுமே நடக்காத மாதிரி, ஓடியது. 108க்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து கிலோமீட்டரில் ஒரு தட்டுகூடத் தவறவில்லை. எண்ணிக்கொண்டே வந்தேன்.

மாலை 5.32க்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு முறை போட்டார்கள், இரண்டும் ஒன்றாகவே வந்ததால் கூட்டிப் பாதி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சற்று முன் கீழே போய், யாரும் பார்க்காதபோது பானெட்டைத் தூக்கி, சந்தனம் பெயர்ந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டிக்கரில் ப்ளக் இடைவெளி 0.9 முதல் 1.0 வரை என்று இருக்கிறது. ஆக ஒன்பதரை முதலிலிருந்தே சரி. எல்லாத் தவறும் அங்கேதான் என்று மேலே எழுதியதை அடித்துவிட நினைத்தேன். மனம் வரவில்லை, நான் சரியாக இருந்தது எனக்கே இன்னும் பழகவில்லை. வரும் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை மட்டும் இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் நல்லது. தினம் ஐந்து நிமிட விஷயத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, கலைமணிதான் சொன்னார்.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு திருத்தம் அவசியம். அதைச் சம்பந்தியம்மா காதில் விழும்படி தாங்களே உரக்கப் படித்துவிடவும். ஆறாவது குறிப்பு தவறு.